கரையும் கறையும்

நம் நாட்டு ஏரிகளுக்கு மண் அணைத்து எழுப்பிய கரையைப் பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் தங்கள் ஏடுகளில் ‘பண்ட்’ என்று எழுதுவது நெடுநாளைய வழக்கம். பாரசீகத்தில் பிறந்து, ஹிந்துஸ்தானியில் வளர்ந்து, கிழக்கிந்தியக் கும்பெனி உத்தியோகஸ்தர்களின் நாவில் ஒட்டிக்கொண்ட அந்தச் சிறு சொல், அவர்களோடு கப்பலேறி, மலாக்கா ஜலசந்தியைக் கடந்து, சீன தேசத்தின் கிழக்கு ஓரத்தில் சேறும் நாணலும் மண்டிக் கிடந்த ஒரு நதிக்கரையில் இறங்கி, அங்கே உலகம் அறிந்த ஒரு வீதிக்குப் பெயராக நிலைபெற்றுவிட்டது. சீனர்கள் அந்த வீதியைத் தங்கள் மொழியில் ‘வைட்டான்’, அதாவது வெளிக்கரை, என்றே சொல்கிறார்கள்; மேனாட்டாரோ இன்றளவும் அதை ஷாங்காய் நகரத்துப் ‘பண்ட்’ என்றுதான் குறிக்கிறார்கள். ஒரு சொல் இவ்வளவு தூரம் தனியே பிரயாணம் செய்வதில்லை. அதனோடு சரக்கும், ஆட்களும், படைகளும், பாவமும் சேர்ந்தே போயிருக்க வேண்டும் என்ற நினைவோடு அந்தக் கரையில் நடக்கும் இந்தியருக்கு, அங்கே அணிவகுத்து நிற்கும் கல் மாளிகைகள் மற்ற யாத்திரிகர்களுக்குத் தோன்றுவதுபோல் வெறும் கண்காட்சியாகத் தோன்றமாட்டா.

‘ஷாங்காய்’ என்பதற்குக் ‘கடலின்மேல்’ என்று பொருள். பெயரில் இருக்கும் கடல் இன்று நகரத்தின் கண்ணுக்குத் தெரிவதில்லை. யாங்ஸி மகாநதி யுகயுகமாகக் கொண்டுவந்து கொட்டும் வண்டல், கடலைக் கிழக்கே தள்ளிக்கொண்டே போய்விட்டது. நகரத்தின் நடுவே ஓடும் ஹுவாங்பு நதியில் இருபது கிலோமீட்டருக்கு மேல் கீழே போனால்தான் வூசோங் என்னும் முகத்துவாரத்தில் யாங்ஸியின் அகன்ற பழுப்பு நீரைக் காணலாம். வெளிநாட்டார் எழுதிய பழைய நூல்களில், தாங்கள் வந்து கால் வைக்கும் வரையில் அது மீனவர் குடிசைகள் நிறைந்த ஒரு சிற்றூராக இருந்தது என்று எழுதியிருப்பதைப் பலர் மெய்யென்று நம்பிவிட்டார்கள். சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை. மங்கோலியர் ஆண்ட 1291ஆம் ஆண்டிலேயே ஷாங்காய் ஒரு மாவட்டத்தின் தலைநகராயிற்று. அதே நூற்றாண்டில் ஹுவாங் தாவ்போ என்ற பெண்மணி, தெற்கே ஹைனான் தீவில் பல காலம் வாழ்ந்து, அத்தீவினர் பருத்தி கடைந்து, கொட்டி, நூற்று, நெய்யும் முறைகளைக் கற்று, தன் சொந்த ஊராகிய வூனிஜிங்குக்குத் திரும்பிவந்து அண்டை அயலாருக்குக் கற்றுக்கொடுத்தாள் என்பது வரலாறு. நெல்லுக்கு வணங்காத உப்பு மண் பருத்திக்கு வணங்கியது. அவள் கைராசியோ, மண்ணின் குணமோ, ஷாங்காய்ப் பகுதியின் பருத்தித் துணி சீனம் முழுவதும் உடுத்தப்பட்டது. மறைந்தபின் அவளுக்குக் கோயில் எழுப்பி வழிபட்டார்கள். கடற்கொள்ளைக்காரர்களின் தொல்லை பொறுக்கமாட்டாமல் 1553ஆம் ஆண்டில் ஊரைச் சுற்றி வட்டமாக மதில் எழுப்பினார்கள் என்றால், கொள்ளையிடத்தக்க செல்வம் அங்கே இருந்தது என்றுதானே அர்த்தம்?

1832ஆம் ஆண்டில் ‘லார்ட் ஆம்ஹர்ஸ்ட்’ என்ற கப்பலில், கும்பெனியின் சார்பாகச் சீனக் கரையோரத்தை வேவு பார்க்க வந்த ஹியூ ஹாமில்டன் லிண்ட்ஸே என்பவர், வூசோங் முகத்துவாரத்தில் காத்திருந்து, ஒரு வாரத்துக்குள் உள்ளே நுழைந்த பாய்மரக் கலங்களை எண்ணிப் பார்த்தார். நானூறுக்கு மேல் வந்தன. மஞ்சூரியாவின் சோயா மொச்சையும் எண்ணெயும், தென் மாகாணங்களின் சர்க்கரையும், யாங்ஸி வழியாக இறங்கும் உள்நாட்டுச் சரக்கும் அந்த ஒரு துறையில் கை மாறின. அந்தக் கணக்கு லண்டனில் படிக்கப்பட்ட அன்றே ஷாங்காயின் தலையெழுத்து மாறத் தொடங்கியது என்று சொல்லலாம்.

பழைய நகரத்தின் மதில் இன்று இல்லை. 1912ஆம் ஆண்டில், குடியரசு பிறந்த உற்சாகத்தில், அதை இடிக்கத் தொடங்கினார்கள். ஆனால் மதில் இருந்த இடத்தில் போட்ட சாலை இன்னும் வட்டமாகவே ஓடுகிறது. நகரத்தின் படத்தைப் பார்ப்பவருக்கு, ராஜ வீதிகளும் மேம்பாலங்களும் சதுரம் சதுரமாக வெட்டிச் செல்லும் அந்தப் பெரும் பரப்பில், ஓரிடம் மட்டும் கிண்ணம் கவிழ்த்ததுபோல் வளைந்திருப்பது உடனே புலப்படும். அந்த வட்டத்துக்குள்தான் யூ தோட்டம் இருக்கிறது. மிங் வம்சத்து அதிகாரியாகிய பான் யூன்துவான், முதுமையடைந்த தன் தந்தை மன அமைதியோடு கடைசிக் காலத்தைக் கழிக்கவேண்டும் என்று 1559ஆம் ஆண்டில் தொடங்கிய தோட்டம் அது. அரசாங்க வேலை அவரை வேறு மாகாணங்களுக்கு இழுத்துச் சென்றதால் பணி நின்று நின்று நடந்து, 1577ஆம் ஆண்டில்தான் நிறைவு பெற்றது. பிதிர் பக்தியைச் சொல்லாலும் செயலாலும் போற்றும் நமக்கு, ஒரு மகன் தன் தகப்பனாருக்காகப் பாறையையும் நீரையும் மூங்கிலையும் கொண்டு இவ்வளவு நுட்பமான ஓர் உலகத்தைச் சமைத்தான் என்ற செய்தியே அந்த இடத்துக்கு ஒரு புனிதத்தைத் தருகிறது. சுவர்களின் மேல் முகட்டில் ஓடுகளே செதில்களாக அமைந்த பறவை நாகங்கள் நெளிகின்றன. உள்ளே ‘அருமணிப் பாறை’ என்று போற்றப்படும் ஒரு கல், ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு சற்றுக் குறைவாக, உடலெல்லாம் துளைகளோடு நிற்கிறது. அதன் அடியில் ஊதுவத்தி ஏற்றினால் ஒவ்வொரு துளையிலிருந்தும் புகை வரும் என்றும், மேலே நீர் ஊற்றினால் ஒவ்வொரு துளையிலிருந்தும் நீர் ஒழுகும் என்றும் சொல்கிறார்கள். ஸோங் வம்சத்துச் சக்கரவர்த்தி ஒருவருக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கல் என்பதும் செவிவழிச் செய்தி.

தோட்டத்துக்கு வெளியே குளத்தின் நடுவில் ஒரு தேநீர் மண்டபம். அதற்குப் போகும் பாலம் ஒன்பது இடங்களில் திரும்பித் திரும்பிப் போகிறது. நேர் கோட்டில் மட்டுமே செல்லவல்ல தீய ஆவிகள் தொடரமுடியாதபடி அப்படிக் கட்டினார்கள் என்பர்; அடிக்கு அடி காட்சி மாறவேண்டும் என்பதற்காக என்பர் வேறு சிலர். இரண்டாவது காரணமே எனக்குச் சம்மதமாகத் தோன்றுகிறது. பக்கத்துக் கடையில் மூங்கில் தட்டுகளில் ஆவி பறக்கப் பறக்க வரும் சிறு கொழுக்கட்டைகளை வாங்க ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்கள். மாவுத் தோலுக்குள் இறைச்சியோடு சூடான ரசமும் இருக்கும். அவசரப்பட்டுக் கடிப்பவர் நாக்கைச் சுட்டுக்கொள்வார். நகரத்தின் மேற்கே நான்சியாங் என்னும் ஊர் அந்தப் பலகாரத்துக்குப் பெயர் பெற்றது.

அந்தச் சந்தடிக்கு நடுவிலேயே ஷாங்காயின் காவல் தெய்வத்தின் கோயில். சீனத்தில் ஒவ்வொரு மதில் சூழ்ந்த நகரத்துக்கும் அப்படி ஒரு தெய்வம் உண்டு. மதிலுக்கும் அகழிக்கும் அதிபதி. ஷாங்காய்க்கு மூன்று பேர். அவர்களில் ஒருவர் சென் ஹுவாசெங் என்னும் கிழப் படைத்தலைவர். 1842ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் ஆங்கிலக் கப்பற்படை வூசோங் கோட்டைகளைத் தாக்கியபோது, மற்ற அதிகாரிகள் பின்வாங்கிய பின்னும் பீரங்கியை விட்டு நகராமல் நின்று மாண்டவர். ஊர் காக்க உயிர் விட்டவனைக் கல்லில் நிறுத்திப் படையல் இடும் மரபில் வந்த நமக்கு, இந்த வழிபாட்டின் பொருளை யாரும் விளக்கத் தேவையில்லை. ஆனால் நம் நெஞ்சை உறுத்தும் வேறொரு செய்தி அதில் அடங்கியிருக்கிறது. அந்தக் கிழவரை எதிர்த்து வந்து, யாங்ஸியில் மேலே ஏறிச் சென்ற சேனையில் சென்னை ராணுவத்தின் பீரங்கிப் படையும், சென்னை ‘ஸாப்பர்’ படையும், சிப்பாய்களும் இருந்தனர். வீரத்துக்குக் குறைவில்லாத மனிதர்கள். தங்களுக்கு ஒரு தீங்கும் செய்யாத ஜனங்களின்மேல், தங்களுக்குச் சம்பந்தமில்லாத ஒரு வழக்குக்காக ஏவப்பட்டார்கள். வழக்கு என்னவென்றால், அபினி.

அதே ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் நான்கிங் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. காண்டன், அமாய், பூசௌ, நிங்போ, ஷாங்காய் ஆகிய ஐந்து துறைகள் ஆங்கிலேயரின் வியாபாரத்துக்குத் திறக்கப்பட்டன, ஹாங்காங் பறிபோயிற்று, இரண்டு கோடியே பத்து லட்சம் வெள்ளி டாலர் அபராதமாக விதிக்கப்பட்டது. ஷாங்காய்க்கு முதல் கான்ஸலாக அனுப்பப்பட்டவர் சென்னை பீரங்கிப் படையைச் சேர்ந்த காப்டன் ஜார்ஜ் பால்ஃபோர். எழும்பூர் அருங்காட்சியகத்தை 1851ஆம் ஆண்டில் தொடங்கி, நம் நாட்டுக் கல்லையும் செடியையும் பிராணிகளையும் சேகரித்து வகைப்படுத்திய டாக்டர் எட்வர்ட் பால்ஃபோர் இவருடைய தம்பிதான். தம்பி சென்னையில் நிலைநாட்டிய நினைவை நாம் அறிவோம். அண்ணன் ஷாங்காயில் நட்ட விதையோ, 1843ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் நாள் துறைமுகம் திறக்கப்பட்டதாக அவர் அறிவித்ததோடு முளைவிட்டது.

மதிலுக்கு வடக்கே, நதியோரத்தில், வயலும் கல்லறை மேடும் சதுப்புமாக இருந்த நிலத்தை வெளிநாட்டார் நிரந்தரக் குத்தகைக்கு எடுக்க 1845ஆம் ஆண்டு விதிகள் வழிசெய்தன. அந்த நிலத்தின் விளிம்பில், காலங்காலமாகத் தானியப் படகுகளைக் கயிறு கட்டி இழுத்துச் செல்லும் கூலியாட்கள் நடந்து நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதை ஒன்று இருந்தது. அதை அடைக்கக்கூடாது என்பது நிபந்தனை. ஆகவே வெள்ளைக்காரர்கள் தங்கள் பண்டகசாலைகளைச் சற்று உள்தள்ளிக் கட்டி, முன்புறத்தை மண் நிரப்பிக் கரையாக உயர்த்தினார்கள். பிற்காலத்தில் உலகத்தின் பெரிய வங்கிகள் நின்ற வீதி அவ்விதம் பிறந்தது. தோளில் கயிறு அழுந்த, முதுகு வளைந்து, இடுப்பளவு சேற்றில் இறங்கி இழுத்த பெயரற்ற மனிதர்களின் பாதம்தான் அதன் முதல் அளவுகோல். இன்று அந்தக் கரையில் மாலை வேளையில் கைகோத்து நடக்கும் இளைஞர் கூட்டத்தைப் பார்க்கும்போது, அந்தப் பழைய பாதசாரிகளையே மனம் தேடுகிறது.

1849ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் தங்களுக்கென்று தனிப் பகுதி பெற்றார்கள். 1863ஆம் ஆண்டில் ஆங்கிலேயர், அமெரிக்கர் பகுதிகள் இணைந்து சர்வதேசக் குடியிருப்பு ஆயிற்று. இப்படி, சீனரின் நகரத்தையும் சேர்த்து, மூன்று துரைத்தனங்கள், மூன்று போலீஸ், மூன்று விதச் சட்டம், ஒரே ஊரில். ஒரு தெருவைக் கடந்தால் குற்றவாளி சுதந்திர மனிதனாகிவிடுவான். முதலில் சீனர் அப்பகுதிகளில் குடியிருக்கக்கூடாது என்றுதான் எண்ணம். ஆனால் 1853ஆம் ஆண்டில் ‘சிறு வாள்’ சங்கத்தார் மதில் நகரைக் கைப்பற்றி, யூ தோட்டத்தின் மண்டபம் ஒன்றையே தங்கள் தலைமையிடமாக்கிக்கொண்டபோதும், அதன்பின் தைப்பிங் கிளர்ச்சியால் யாங்ஸி சமவெளியே பற்றி எரிந்தபோதும், அகதிகள் வெள்ளமாக வந்து குவிந்தார்கள். மனிதாபிமானம் சாதிக்காததை வாடகை சாதித்தது. அவர்களுக்காக அவசர அவசரமாக எழுப்பிய வரிசை வீடுகளே பின்னர் ‘ஷிகூமென்’, அதாவது கல் நிலை வாசல் வீடுகள், என்ற ஷாங்காய்க்கே உரிய கட்டடப் பாணியாக வளர்ந்தன. சந்துக்குள் சந்தாகப் பிரியும் அந்தக் குடியிருப்புகளின் கருங்கல் நிலையையும், கறுப்பு வண்ணக் கதவையும், உள்ளே கையகல முற்றத்தையும் பார்த்தவர், நம்மூர் ஒட்டுத் திண்ணை வீடுகளை நினைத்துக்கொள்ளாமல் இருக்கமுடியாது. 1921ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் சீனக் கம்யூனிஸ்டுக் கட்சியின் முதல் மகாநாடு கூடியதும் பிரெஞ்சுப் பகுதியில் அத்தகைய ஒரு வீட்டில்தான்.

இவ்வளவு செல்வத்துக்கும் வேர் எங்கே இருந்தது? பீகாரிலும் கங்கைக் கரை மாவட்டங்களிலும் கசகசாச் செடி பயிரிட்ட குடியானவனின் வயலில் இருந்தது. அவன் முன்பணம் வாங்கிக்கொண்டு, சர்க்கார் குறித்த விலைக்கு, சர்க்காருக்கு மட்டுமே பால் எடுத்துக் கொடுக்கவேண்டும். பாட்னாவிலும் காஜிப்பூரிலும் இருந்த சர்க்கார் தொழிற்சாலைகளில் அந்தப் பாலைக் கட்டியாக்கி, கசகசாப் பூவின் இதழ்களாலேயே ஓடு போட்டு, உருண்டை பிடித்து, பெட்டிக்கு நாற்பது உருண்டையாக அடுக்கிக் கல்கத்தாவில் ஏலம் விட்டார்கள். மாளவ தேசத்து அபினி பம்பாய் வழியாகப் போயிற்று. சீனச் சட்டம் அதைத் தடுத்திருந்த காலத்தில், கும்பெனி தன் கையைச் சுத்தமாக வைத்துக்கொண்டு தனி வியாபாரிகளிடம் சரக்கை ஒப்படைத்தது; அவர்கள் வூசோங் முகத்துவாரத்தில் பழைய கப்பல்களையே மிதக்கும் கிடங்குகளாக நிறுத்தி, அங்கிருந்து படகுகளில் கரை சேர்த்தார்கள். 1858ஆம் ஆண்டுக்குப்பின் அந்த ஒளிவு மறைவும் தேவைப்படவில்லை, வியாபாரம் சட்டபூர்வமாகிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்திய அரசாங்கத்தின் வருமானத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு அபினியிலிருந்து வந்தது. நம் நாட்டில் அக்காலத்தில் போட்ட சாலையிலும் கட்டிய கச்சேரியிலும் சீனக் குடும்பங்களின் அழிவு ஒரு செங்கல்லாகவேனும் இருக்கிறது என்பதை மறுக்க வழியில்லை.

வெள்ளைக்கார வர்த்தகர்களின்மீது மட்டும் பழியைச் சுமத்திவிட்டு நாம் ஒதுங்கி நிற்பதும் நேர்மையாகாது. அவர்களில் ஒருவரான ஜார்டின் கம்பெனியாருக்குப் பம்பாயில் பக்கபலமாக இருந்து அபினி ஏற்றுமதி செய்த ஜம்ஷேட்ஜி ஜீஜீபாய் நம் நாட்டவர். அவர் பெயரால் விளங்கும் பம்பாய் ஆஸ்பத்திரியில் எத்தனையோ ஏழைகள் உயிர் பெற்றிருக்கிறார்கள் என்பதும் உண்மை. பாக்தாதிலிருந்து வந்து பம்பாயில் குடியேறிய யூத வணிகர் டேவிட் ஸஸூனின் குமாரர்கள் சீனத்தில் கிளைகள் பரப்பி, பின்னாளில் இந்திய அபினி வியாபாரத்தில் முதன்மை பெற்றார்கள். பம்பாயில் ஸஸூன் துறை என்றும் ஸஸூன் நூல் நிலையம் என்றும் பெயர் தாங்கி நிற்பவை அந்தக் குடும்பத்தின் நினைவுச் சின்னங்களே. அதே குடும்பத்தில் பிறந்து, இந்தியச் சட்டசபையில் அங்கத்தினராகவும் இருந்த விக்டர் ஸஸூன், 1929ஆம் ஆண்டில் நான்கிங் வீதி நதியைத் தொடும் மூலையில் எழுப்பிய கதே ஹோட்டல், பச்சை நிறத் தாமிரக் கூம்போடு இன்றும் நிற்கிறது. இப்போது அதற்குச் சமாதான ஹோட்டல் என்று பெயர். பகல் வெயிலில் சற்று மங்கியும், அந்தி வெளிச்சத்தில் மிகவும் பொலிந்தும் தோன்றும் அந்தக் கூம்பு, கட்டடக் கலையின் அழகு என்ற வகையில் கரையிலேயே மிகச் சிறந்தது என்பது என் அபிப்பிராயம்.

கரையில் நடந்து வருகிறவர் தவறாமல் உள்ளே நுழைந்து அண்ணாந்து பார்க்கவேண்டிய கட்டடம் ஒன்று உண்டு. 1923ஆம் ஆண்டில் ஹாங்காங் ஷாங்காய் வங்கி கட்டிய அந்த மாளிகையின் முகப்பு மண்டபத்தில், எட்டுப் பட்டை உள்கூரையில், அந்த வங்கி கிளை பரப்பியிருந்த எட்டு நகரங்களை வண்ணச் சில்லுகளால் சித்திரமாகப் பதித்திருக்கிறார்கள். லண்டன், பாரிஸ், நியூயார்க், டோக்கியோ, பாங்காக், ஹாங்காங், ஷாங்காய். எட்டாவது, நமது கல்கத்தா. ஒவ்வொரு நகரத்துக்கும் ஒரு தேவதை. 1950களில் கட்டடம் நகராட்சியின் அலுவலகமானபோது அந்தச் சித்திரத்தை உடைக்காமல் சுண்ணமும் வண்ணமும் பூசி மறைத்தார்கள். 1997ஆம் ஆண்டில் புதிய வங்கி ஒன்று குடிவந்து பழுது பார்த்தபோது அது மறுபடியும் வெளிப்பட்டது. பூசி மறைத்தவர் யாராயினும் அவருக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். வாசலில் நிற்கும் இரண்டு வெண்கலச் சிங்கங்கள் பிரதிகள். மூலச் சிங்கங்கள் நகரத்து வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பக்கத்தில் 1927ஆம் ஆண்டில் எழுந்த சுங்க மாளிகை. அதன் மணிக்கூண்டின் யந்திரம் இங்கிலாந்தில் செய்து கப்பலில் வந்தது. இவையெல்லாம் நிற்கும் தரைக்கு அடியில் பாறை கிடையாது, நெடுந்தூரம் வண்டல்தான். சேற்றில் மரத் தூண்களை நெருக்கி அடித்து, அவற்றின்மேல் அடித்தளம் பரப்பித்தான் இந்தக் கருங்கல் பாரத்தை ஏற்றினார்கள். ஆழ்கிணறுகளால் நீரை உறிஞ்சிக்கொண்டே போனதில் நகரத்தின் சில இடங்கள் 1921 முதல் 1965க்குள் இரண்டு மீட்டருக்கு மேல் தாழ்ந்துவிட்டன.

இந்த மாளிகைகளுக்கு முன்னால், நாற்சந்திகளில், சிவப்புத் தலைப்பாகையும் தாடியுமாக நின்று போக்குவரத்தை நடத்திய சீக்கியக் காவலர்களை அக்காலப் புகைப்படங்களில் காணலாம். 1884ஆம் ஆண்டு முதல் சர்வதேசக் குடியிருப்பின் போலீஸில் அவர்களைச் சேர்த்தார்கள். பஞ்சாபில் நிலம் துண்டு துண்டாகிப்போன குடும்பங்களின் பிள்ளைகள், மாதம் பிறந்தால் வீட்டுக்குப் பணம் அனுப்பவேண்டும் என்ற ஒரே கவலையோடு வந்தவர்கள். சீனர்கள் அவர்களை ஓர் இழிபெயரிட்டு அழைத்தார்கள். அதற்காகச் சீனர்களைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. 1925ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், ஜப்பானிய ஆலை ஒன்றில் தொழிலாளி சுட்டுக் கொல்லப்பட்டதைக் கண்டித்து மாணவர்கள் நான்கிங் வீதியில் திரண்டபோது, ஆங்கில அதிகாரி இட்ட உத்தரவின்பேரில் சீக்கியரும் சீனருமான காவலர்கள் சுட்டார்கள். தெருவில் பிணங்கள் விழுந்தன. சீன தேசமே கொதித்தெழுந்தது. அம்ரிதசரஸில் சுடப்பட்ட ஜனங்களின் உறவினன், ஆறே ஆண்டுகளுக்குப்பின், ஷாங்காயில் சுடுகிறவர்களின் வரிசையில் நின்றிருக்கக்கூடும் என்று நினைக்கும்போது, அடிமைத்தனத்தின் கொடுமை முழுவதும் புரிகிறது. 1927ஆம் ஆண்டில் ஷாங்காய்க்கு இந்தியத் துருப்புகள் அனுப்பப்பட்டன. அவ்வாண்டு டிசம்பரில் டாக்டர் அன்சாரியின் தலைமையில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபை சீன மக்களுக்கு அனுதாபம் தெரிவித்து அச்செயலைக் கண்டித்தது. 1842ல் சென்னையிலிருந்து போன படைகளுக்குச் சென்னையிலிருந்தே பிறந்த பதில் என்று அதை நான் கொள்கிறேன். சீக்கியர் 1908ஆம் ஆண்டில் கட்டிய குருத்வாராவின் கட்டடம் ஹோங்கௌ பகுதியில் இன்னும் நிற்கிறது. வழிபாடு நின்று, வேறு குடிகள் குடியேறினார்கள்.

நதியும் சூசௌ ஓடையும் கூடும் முனையில் 1868ஆம் ஆண்டில் ஒரு பூங்கா அமைத்தார்கள். சீனர்கள் கொடுத்த வரிப்பணமும் சேர்ந்து உண்டான பூங்கா. சீனர்கள் அதில் நுழைய அறுபது ஆண்டுகள், 1928 வரை, காத்திருக்க நேர்ந்தது. அதைப்பற்றி அதிகம் எழுதக் கை கூசுகிறது.

ஆனால் அதே நகரம், அதே ஓடைக்கு வடக்கே, வேறொரு காலத்தில் வேறு முகம் காட்டியதையும் சொல்லாமல் போனால் பிழையாகும். 1930களின் இறுதியில், ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி ஓடிய யூதர்களை உலகத்தின் பெரிய தேசங்கள் எல்லாம் வாசலை அடைத்து நிறுத்தியபோது, நுழைவதற்கு அநுமதிச் சீட்டு கேட்காத துறைமுகமாக ஷாங்காய் இருந்தது. வியன்னாவிலிருந்தும் பெர்லினிலிருந்தும் ஏறக்குறைய இருபதாயிரம் பேர் வந்து சேர்ந்து, ஹோங்கௌவின் சந்து வீடுகளில் சீன ஏழைகளோடு ஏழைகளாக வாழ்ந்தார்கள். அவர்களுக்குச் சோறிட்டவர்களில் பாக்தாத் யூத வணிகக் குடும்பங்களும் இருந்தன. பழைய செல்வம் ஒரு பகுதியேனும் நல்ல வழியில் கரைந்தது. அவர்கள் தொழுத ஓஹெல் மோஷே ஆலயம் இப்போது அருங்காட்சியகம். அதற்குச் சற்றுத் தொலைவில்தான், 1936ஆம் ஆண்டில் மறைந்த சீன எழுத்தாளர் லூ ஸுன், தன் கடைசி ஒன்பது ஆண்டுகளை வாழ்ந்து எழுதினார். அவர் சமாதி இருக்கும் பூங்காவில் விடியற்காலையில் முதியவர்கள் மெல்ல மெல்லக் கை கால்களை வீசிப் பயிற்சி செய்வது கண்ணுக்கு இனிய காட்சி.

நான்கிங் வீதியின் கடைகளைப் பற்றி விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவில் பழக்கடை வைத்துப் பொருள் சேர்த்துத் திரும்பிய சீனர்கள் 1917, 1918ஆம் ஆண்டுகளில் தொடங்கிய பல அடுக்குப் பண்டசாலைகள்தான் அதற்கு ஒளியூட்டின. வீதியின் மேற்குப் புறத்தில் குதிரைப் பந்தய மைதானமாக இருந்தது இப்போது மக்கள் சதுக்கம். அங்கே 1996ஆம் ஆண்டில் பண்டை வெண்கலக் கலத்தின் வடிவில் கட்டிய ஷாங்காய் அருங்காட்சியகத்துக்கு ஒரு முழுப் பகலை ஒதுக்கவேண்டும். மூவாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட வெண்கலப் பாத்திரங்களின் முன் நின்றபோது, நதிக்கரை மாளிகைகளின் நூறு வயது நேற்றைய சமாசாரமாகிவிட்டது.

நதிக்கு அக்கரையில் பூடோங். 1990ஆம் ஆண்டு வரை பண்டகசாலையும் கப்பல் பட்டறையும் காய்கறி வயலுமாக இருந்த இடம். இன்று 468 மீட்டர் உயர ஒளிபரப்புக் கோபுரம், 632 மீட்டர் உயரத்தில் முறுக்கிக்கொண்டு மேகத்துக்குள் மறையும் ஷாங்காய் கோபுரம் எல்லாம் அங்கேதான். அவற்றின் உச்சிக்கு ஏறிப் பார்ப்பதைவிட, அலுவலகம் போகும் ஜனங்களோடு சாதாரணப் படகில் ஏறி ஆற்றைக் கடப்பதே எனக்குப் பிடித்திருந்தது. நடு ஆற்றில் இரு கரைகளையும் ஒருசேரப் பார்க்கலாம்.

அந்தப் பூடோங்கில் 1919ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ஒரு நெருப்பு எரிந்தது. இந்தியாவிலிருந்து அபினி வருவது நின்றபின், ஷாங்காய் வணிகர்களின் கிடங்குகளில் மிஞ்சியிருந்த பெட்டிகளைச் சீன அரசாங்கம் விலை கொடுத்து வாங்கி, ஜனங்கள் அறிய அங்கே கொளுத்திற்று. பல நாட்கள் எரிந்தது. பாட்னாவிலும் காஜிப்பூரிலும் இந்தியக் கைகள் உருட்டி அடுக்கிய உருண்டைகள் ஹுவாங்பு நதிக்கரையில் சாம்பலாயின.

அந்த வியாபாரத்தை இந்தியர் எவருமே கண்டிக்கவில்லையா என்று கேட்டால், 1881ஆம் ஆண்டிலேயே, இருபது வயது நிரம்பிய ஓர் இளைஞர், ‘பாரதி’ என்னும் வங்காளிப் பத்திரிகையில், சீனத்தில் நடக்கும் மரண வியாபாரம் என்ற பொருள்படும் தலைப்பிட்டு, நெஞ்சு கொதித்து ஒரு கட்டுரை எழுதினார். நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்குப்பின், 1924ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள், அவர் ஏறிவந்த கப்பல், முன்பு அபினிக் கிடங்குகள் மிதந்த வூசோங் முகத்துவாரத்தில் திரும்பி, அந்தப் பெட்டிகள் வந்த அதே நதி வழியே மேலேறி வந்தது. கப்பல் துறையில் ஷூ ஷீமோ முதலான இளங்கவிஞர்களும் மாணவர்களும், ஷாங்காயில் வாழ்ந்த இந்தியர்களும் காத்திருந்தார்கள். நரைத்த தாடியும் நீண்ட அங்கியுமாக ரவீந்திரநாத் தாகூர் கரையில் இறங்கினார். மரங்கள் அடர்ந்த ஒரு தெரு மூலையில் 2010ஆம் ஆண்டு முதல் அவருடைய மார்பளவுச் சிலை இருக்கிறது. நான் போன அன்று அதன் பீடத்தில் யாரோ ஒரு சிறு வெள்ளைப் பூவை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.